மாடிப்படி ஏறி இடது பக்கம்

கட்டட அனுமதி அலுவலகத்தில் பென்சிலைத் தடை செய்த பிறகுதான் கொக்கிக்கு வீட்டில் கக்கூஸ் கட்ட வேண்டும் என்று தோன்றியது. கொஞ்சம் முன்னால் தோன்றியிருந்தால் ஒரு தாளில் நாலு கோடு போட்டுக் கொடுத்துவிட்டு வந்திருக்கலாம். ஏழைக்குப் புத்தி எப்போதும் சட்டம் மாறிய மறுநாள்தான் வருகிறது.

கொக்கி என்பது பெயர் இல்லை. சந்தையில் மூட்டை தூக்குகிறவர். மூட்டையைக் குத்தி இழுக்கிற இரும்புக் கொக்கி எந்நேரமும் தோளில் தொங்கும். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்கமாட்டார்.

அவருடைய வீடு ஒரே அறை. ஒரு மூலையில் அடுப்பு, மேலே தகரம், இடையில் ஒரு துணித் திரை. திரைக்கு அந்தப் பக்கம் மகனும் மருமகளும், இந்தப் பக்கம் அவரும் சம்சாரமும். வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் வெற்றிடம் உண்டு. ஒரு ஆள் நடுவில் நின்று கையை நீட்டினால் இரண்டு பக்கச் சுவரும் இடிக்கும். தெரு மொத்தத்துக்கும் தெருக்கோடியில் பொதுக் கழிப்பறை. பெண்கள் பக்கத்தில் பாதிக் கதவுகளுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டே காரியத்தை முடிக்கிற வித்தையை அந்தத் தெருப் பெண்கள் கல்யாணமாகி வந்த வாரத்திலேயே கற்றுக்கொள்வார்கள்.

புதிதாக வந்த மருமகள் கற்றுக்கொள்ளவில்லை. அவள் தண்ணீர் குடிப்பதை நிறுத்திக்கொண்டாள்.

சாப்பிட உட்கார்ந்தால் எல்லோர் பக்கத்திலும் தண்ணீர் இருக்கும், அவள் பக்கத்தில் இருக்காது. நம் வீட்டுத் தண்ணீர் அந்தப் பெண்ணுக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று கொக்கி நினைத்தார். கடைசியில் சம்சாரம்தான், பாத்திரத்தைச் சுரண்டியபடி, முகத்தைக் காட்டாமல் சொன்னாள்.

"தண்ணி குடிச்சா போகணும்ல."

அவருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் தட்டைப் பாதியில் தள்ளிவைத்தார். இரண்டு ஆள் தூக்குகிற மூட்டையை ஒற்றை ஆளாகத் தூக்கி லாரியில் எறிகிறவர், அன்றைக்கு எழுந்து கை கழுவப் போகும்போது மருமகள் நின்ற பக்கம் பார்க்காமல் சுவரை ஒட்டி நடந்தார். மாமனார் மருமகளைப் பார்த்து சாப்பிட்டாயா என்று கேட்கலாம். அதற்கு அடுத்த விஷயத்தைக் கேட்க எந்த மாமனாருக்கு வாய் வரும்?

மகன் பார்சல் வண்டி ஓட்டுகிறவன். அதிகம் பேசமாட்டான். அவனும் ஒருநாள் சொன்னான்: கக்கூஸ் கட்டி முடிக்கிற வரைக்கும் அவள் அம்மா வீட்டில் இருந்துவிட்டு வருகிறேன் என்கிறாள், சண்டை ஒன்றும் இல்லை என்று. சண்டை போட்டிருந்தால் கொக்கிக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

கொத்தனார் வந்து பார்த்தார். இது ஒரு வேலையா என்றார். ஆனால் அனுமதி இல்லாமல் கழிவுநீர் இணைப்பு தரமாட்டார்கள், கட்டினாலும் சீல் வைத்துவிடுவார்கள், முதலில் அலுவலகத்துக்குப் போய்வாருங்கள் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

கட்டட அனுமதி அலுவலகம் சில மாதம் முன்னால்தான் புதிதாகியிருந்தது. புதிது என்றால் கட்டடம் பழையதுதான், கூரை ஒழுகியது, ஒழுகுகிற இடத்தில் வாளி இருந்தது. புதிதாக வந்தது வீடு வரைகிற மென்பொருள். இனி எந்த வீடும் அந்த மென்பொருளில் வரையப்பட்டால்தான் வீடு என்று சுவரில் எழுதி வைத்திருந்தார்கள். பென்சில் கொண்டு வருபவர்கள் வாசலிலேயே அதை ஒப்படைத்துவிட வேண்டும். அதற்கென்று ஒரு டப்பாவும் காவலுக்கு ஓர் ஆளும்.

கவுன்ட்டரில் இருந்த குமாஸ்தா நல்ல மனிதர். யாரையும் திட்டமாட்டார். முடியாது என்பதை மட்டும் அன்பாகச் சொல்வார்.

"கக்கூஸ் தனியா வராதுங்க. சாஃப்ட்வேர்ல வீட்டோடதான் கக்கூஸ் வரும். வீட்டை வரைஞ்சுட்டு வாங்க, நாங்க கக்கூஸைப் பாக்கறோம்."

வீடு ஏற்கெனவே இருக்கிறதே என்றார் கொக்கி. இருக்கிறது என்று நீங்கள் சொல்கிறீர்கள், மென்பொருள் சொல்லவில்லையே என்றார் குமாஸ்தா. மவுஸ் பிடிக்கத் தெரியாதவன் வீட்டில் குடியிருக்கக் கூடாது என்று அரசு ஒருநாளும் நினைக்கவில்லை என்றும், மென்பொருள்தான் அப்படி நினைக்கிறது என்றும், அதை மாற்றத் தனக்கு அதிகாரம் இல்லை என்றும் விளக்கினார். எதிரே கடை இருக்கிறது, அங்கே வரைந்து கொடுப்பார்கள்.

எதிர்க் கடையில் இருந்தவர் முன்பு மனு டைப் அடித்துக் கொடுத்தவர். டைப்பு அக்கா என்று பெயர். மனுக்கள் ஒழிந்து படங்கள் வந்ததும் மெஷினை மூலையில் தள்ளிவிட்டு கம்ப்யூட்டர் வைத்துக்கொண்டார். வீடு வரையப் படித்தவர் இல்லை. ஆனால் மென்பொருளின் குணம் தெரிந்தவர். கோபக்கார மாமியாரோடு குடித்தனம் நடத்துகிற மருமகளைப் போல, அதற்கு என்ன பிடிக்கும், எதைக் காட்டக் கூடாது என்று பழகி வைத்திருந்தார்.

கொக்கி அளவு சொன்னார். அக்கா நாலு கோடு இழுத்தார். நாலும் சேர்ந்ததும் திரையில் சிவப்பாக எழுத்து வந்தது. என்ன எழுதியிருக்கிறது என்று கொக்கி கேட்டார்.

"அலமாரின்னு போட்டிருக்குண்ணே."

எது என்றார் கொக்கி.

"உங்க வீடுதான். இந்த அளவுக்குக் கீழ இருந்தா அதை அறைன்னு ஒத்துக்காது. துணிமணி வைக்கிற அலமாரின்னு எடுத்துக்கும்."

அதோடு விடவில்லை மென்பொருள். அலமாரிக்குள் அடுப்பு வைக்கக் கூடாது என்றது. அலமாரிக்கு ஜன்னல் எதற்கு என்று கேட்டது. வசிப்போர் எண்ணிக்கை நாலு என்று அக்கா அடித்ததும், அலமாரிக்குள் ஆட்கள் அகப்பட்டிருப்பதாகத் தோன்றுகிறது, தீயணைப்புத் துறைக்குத் தகவல் தரலாமா என்று ஒரு பெட்டி வந்தது. அக்கா அவசரமாக வேண்டாம் என்பதை அமுக்கினார்.

கொக்கி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். தான் பிறந்து, கல்யாணம் செய்து, பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளைக்குக் கல்யாணம் செய்து, வேறொரு வீட்டில் நல்லபடியாக வளர்ந்த பெண்ணைக் கூட்டிவந்து குடி வைத்தது எல்லாம் அலமாரிக்குள்தான் என்பது அவருக்கு அதுவரை தெரியாது. கடையில் காத்திருந்தவர்கள் யாரும் சிரிக்கவில்லை. அவர்களும் அலமாரிக்காரர்கள்தான்.

"எல்லாரும் செய்யறதையே செஞ்சிடலாம்ணே," என்றார் அக்கா.

எல்லாரும் செய்கிறது இதுதான். மென்பொருளை வாங்கும்போது கூடவே ஒரு வீடு வந்திருந்தது. மாதிரி இல்லம். வீடு எப்படி இருக்க வேண்டும் என்று காட்டுவதற்காக அதைச் செய்த வெளிநாட்டுக்காரர்களே போட்டு வைத்தது. மென்பொருள் ஒரு சொல்லும் சொல்லாமல் ஏற்றுக்கொள்கிற ஒரே வீடு அதுதான். ஆகவே அக்கா எல்லோருக்கும் அதையே கொடுத்தார். உரிமையாளர் பெயரை மட்டும் மாற்றுவார். கொக்கியின் தெருவில் அநேகமாக எல்லோரும் இப்படித்தான் அனுமதி வாங்கியிருந்தார்கள். ஒருவன் தகரம் மாற்ற, ஒருத்தி ஜன்னல் வைக்க. யாரும் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

அக்கா அதைத் திறந்து காட்டினார். வெள்ளை வெளேரென்று மாடி வீடு. முன்னால் புல்வெளி, நீச்சல் குளம், கார், ஒரு நாய். நாயை எடுத்துவிடலாமா என்று கொக்கி கேட்டார். அது வீட்டோடு ஒட்டியது, எடுக்க வராது என்றார் அக்கா. கீழே கூடம், சமையலறை, புத்தக அறை. கழிப்பறைகள் நாலும் மாடியில். கீழே உட்கார்ந்து பேசுவதும் மேலே போய் மற்றதைச் செய்வதும்தான் நாகரிகம் என்று அந்த ஊர்க்காரர்கள் நினைத்திருக்க வேண்டும்.

விண்ணப்பத்தில் இரண்டே வகைகள் இருந்தன. புதிய வீடு, அல்லது கூடுதல் வசதி. வீடு பழசு என்பதால் கூடுதல் வசதி என்று போட்டார்கள். கூடுதலாக ஒரு கழிப்பறை. அதில் ஒரு வில்லங்கம் இருப்பது அக்காவுக்கும் தோன்றவில்லை, கொக்கிக்கும் தோன்றவில்லை. அவர் படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, திருடிய பொருளைக் கொண்டுபோவது போலத் தெரு ஓரமாக நடந்து வீட்டுக்கு வந்தார்.

அடுத்தது வீட்டுப் பார்வை. முன்பெல்லாம் அதிகாரிகள் வீட்டுக்கு வந்து பார்ப்பார்கள். வெயில், சாக்கடை, நாய்க்கடி. இப்போது அலுவலகக் கூடத்தில் பெரிய திரை. அதிகாரிகள் நாற்காலியில் உட்கார்ந்தபடியே வீட்டுக்குள் நடந்து பார்ப்பார்கள். வீட்டில் வசிக்கிற எல்லோரும் நேரில் வர வேண்டும், படத்தில் உள்ள வீடு அவர்களுக்குப் பொருந்துகிறதா என்று சரிபார்க்கப்படும் என்று தகவல் வந்தது. மகன் வண்டிக்கு லீவு போட்டான். மருமகள் கல்யாணத்துக்கு எடுத்த சேலையைக் கட்டிக்கொண்டாள். அலுவலகத்துக்குப் போகிறோம், நாலு பேர் பார்ப்பார்கள் என்று மாமியார்தான் கட்டச் சொன்னாள்.

கூடம் நிறைய ஆட்கள். பெரும்பாலும் அதே தெரு. கடைசி பெஞ்சில் டைப்பு அக்கா. மேடையில் பெரிய அதிகாரி. அவருக்கு இரண்டு பக்கமும் அவர் தலையை ஆட்டினால் ஆட்டுகிறவர்கள்.

குமாஸ்தா மவுஸைப் பிடித்து வாசலைத் திறந்தார். உள்ளே நுழையும்போது பெரிய அதிகாரி நாற்காலியிலேயே செருப்பைக் கழற்றினார். வாசல் நிலை வந்தபோது தலையைக் குனிந்துகொண்டார். கூடம் நல்ல காற்றோட்டம் என்றார். மாடிப்படி ஏறும்போது ஒரு இடத்தில் நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டார். நாய்க்கு ஊசி போட்டாயிற்றா என்று கேட்டார். போட்டாயிற்று என்று கொக்கி சொன்னார். அவ்வளவுதான், ஒரு பொய் வெளியே போய்விட்டால் அடுத்ததற்கு வழி தெரிந்துவிடுகிறது.

மாடியில் நாலு கழிப்பறைகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துவிட்டு, அதிகாரி விண்ணப்பத்தைப் பார்த்தார். பிறகு கொக்கியைப் பார்த்தார்.

"வீட்ல எத்தனை பேர்? நாலு. கக்கூஸ் எத்தனை? நாலு. ஆளுக்கு ஒண்ணு இருக்கு. அப்புறம் அஞ்சாவது யாருக்கு?"

கூடத்தில் சிரிப்பு வந்தது. கொக்கி எழுந்து நின்றார். உண்மையைச் சொன்னால் படம் பொய். படம் பொய் என்றால் அந்தத் தெருவில் எல்லார் படமும் பொய். அவர் கடைசி பெஞ்சைப் பார்த்தார். அக்கா மெல்லத் தலையை ஆட்டி வேண்டாம் என்றார். பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்தார். அவர் தன் கால் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதிகாரி பதிலுக்காகப் பேனாவைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"மருமகளுக்குங்க."

"மருமகளுக்கு என்ன?"

"வயிறுங்க. நிக்கமாட்டேங்குது."

"அடிக்கடியா?"

"ஆமாங்க."

அதுவரை கொஞ்சமும் அக்கறை காட்டாதவர் போலிருந்த அதிகாரியின் முகம் கனிந்தது. மருத்துவக் காரணம் என்றால் விதியில் இடமிருக்கிறது என்றார். குமாஸ்தா டைப் அடித்தார். மாடிப்படியும் நீச்சல் குளமும் மறைந்து, பெரிய திரை முழுக்க எழுத்து வந்தது. மருமகள். வயிற்றுப்போக்கு. தற்காலிகமா, நிரந்தரமா என்று மென்பொருள் கேட்டது. தற்காலிகம் என்று போட்டால் தற்காலிகக் கழிப்பறைதான் கிடைக்கும் என்பதால், குமாஸ்தா இரக்கப்பட்டு நிரந்தரம் என்று போட்டார். கூடத்தில் இருந்தவர்கள் அந்த எழுத்தைப் படித்தார்கள். படிக்கத் தெரியாதவர்களுக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் படித்துச் சொன்னார்கள்.

கல்யாணச் சேலையில் வரிசை ஓரத்தில் உட்கார்ந்திருந்த பெண் தலையைக் குனியவில்லை. மாமனாரையே பார்த்துக்கொண்டிருந்தாள். குனிந்தது அவர்தான். அனுமதி ஏகமனதாகக் கிடைத்தது.

அதற்குப் பிறகு தெருவில் எல்லோரும் அவளிடம் மிகவும் பரிவாக நடந்துகொண்டார்கள். பக்கத்து வீட்டம்மா கஷாயம் கொடுத்தனுப்பினாள். பொதுக் கழிப்பறை வரிசையில் அவளைப் பார்த்ததும், நீ முன்னால் போம்மா, உன்னால் தாங்க முடியாது என்று விலகி வழிவிட்டார்கள். அவள் வரிசைக்குப் போவதையும் நிறுத்தினாள். வெளிச்சம் வருவதற்கு முன் மாமியாரோடு போய்வந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. அம்மா வீட்டுக்குப் போகலாம் என்றால், செய்தி அவளுக்கு முன்னால் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது. அவள் அம்மா போன் செய்து, சின்ன வயசிலிருந்து இல்லாத நோய் உனக்கு எப்படியடி வந்தது, அந்த வீட்டில் என்ன போடுகிறார்கள் என்று அழுதாள். மகன் அப்பாவோடு பேசுவதை விட்டுவிட்டான். ஏற்கெனவே அதிகம் பேசாதவன் என்பதால், கொக்கிக்கு அது தெரியவே கொஞ்ச நாளாயிற்று.

சம்சாரம் மட்டும் ஒருமுறை கேட்டாள். "உங்களுக்குன்னு சொல்லியிருக்கலாம்ல? உங்க வயிறுன்னு?"

கொக்கி அதை நினைத்துப் பார்த்தார். அந்தச் சமயத்தில் அது தோன்றவே இல்லை. ஏன் தோன்றவில்லை என்று யோசித்தபோது, நாலு பேர் முன்னால் தன் வயிற்றைச் சொல்ல வெட்கமாக இருந்திருக்கும் என்று தெரிந்தது. அதை அவர் சம்சாரத்திடம் சொல்லவில்லை.

கழிவுநீர் இணைப்பு கொடுக்க ஆட்கள் வந்தார்கள். தெரு முழுவதற்கும் ஒரே சமயத்தில். அவர்களோடு வந்த மேஸ்திரி படத்தை விரித்துப் பார்த்தார், குழாயை வீட்டுச் சுவரை ஒட்டி ஏற்றினார். தகரம் வரைக்கும் ஏறிய குழாய் அங்கே நிற்கவில்லை. தகரத்தைத் தாண்டி மேலே போயிற்று. ஆகாயத்தில் ஒரு மாடி உயரத்தில் ஒரு வளைவு வைத்து, ஐந்து வாய் பிரித்து, மேஸ்திரி கீழே இறங்கிக் கையைத் தட்டிக்கொண்டார்.

கொக்கி அண்ணாந்து பார்த்தார். கீழே கொடுக்கக் கூடாதா என்று கேட்டார்.

"கக்கூஸ் மாடியிலதானே இருக்கு? நாங்க படத்தைத்தான் பாப்போம். வீட்டைப் பாக்க எங்களுக்கு உத்தரவு இல்ல."

குழாயை இடையில் வெட்டிச் சேர்த்துக்கொள்ளலாம் என்று கொத்தனார் ரகசியமாகச் சொன்னார். ஆனால் ஒவ்வொரு மூட்டிலும் ஈய முத்திரை இருந்தது. அரசுச் சொத்து, தொட்டால் வழக்கு. எனவே தொடவில்லை. தெரு நெடுகத் தகரக் கூரைகளுக்கு மேலே குழாய்கள் வாயைப் பிளந்துகொண்டு நின்றன. காற்று வீசினால் ஊளையிட்டன. காக்கைகளுக்கு மட்டும் வசதியாயிற்று.

கொக்கி மறுபடி குமாஸ்தாவிடம் போனார். அவர் அன்பு குறையாமல், இணைப்பு எல்லாம் தயார், உங்கள் வீடுதான் தாமதம், அதைக் கொஞ்சம் சீக்கிரம் மேலே ஏற்றிவிடுங்கள் என்றார். பிறகு எழுந்து கை குலுக்கினார். உங்கள் தெருவுக்கு ஒரு நல்ல செய்தி வரப்போகிறது என்றார்.

நல்ல செய்தி இதுதான். மென்பொருள் கணக்குப் போட்டிருந்தது. அந்தத் தெருவில் வீட்டுக்கு நாலு கழிப்பறை, ஒரு வீட்டில் மட்டும் ஐந்து. நகரத்திலேயே கழிப்பறை மிகுந்த தெரு அது. ஆகவே தெருக்கோடியில் உள்ள பொதுக் கழிப்பறை தேவையற்றது. அதை மூடுவதற்கு விழா.

விழாப் பந்தல் பொதுக் கழிப்பறைக்கு எதிரிலேயே போட்டார்கள். மேடையில் பெரிய திரை கட்டினார்கள். திரை அகலமானது, அதன் பின்னால் தெருவின் தகர வீடுகள் மறைந்துபோயின. திரையில் மாதிரி இல்லம் வரிசையாக, ஒன்று போலவே, நாயும் காருமாக நின்றது. கழிப்பறை வாசலில் புதுப் பூட்டோடு ஒரு பணியாள். கூட்டத்துக்கு மொத்தத் தெருவும் வந்திருந்தது. வராவிட்டால் ஏன் வரவில்லை என்று யாராவது வீட்டுக்கு வந்து பார்த்துவிடுவார்களோ என்று பயம்.

பெரிய அதிகாரி பேசினார்.

"இந்த சாஃப்ட்வேர் வர்றதுக்கு முன்னாடி இந்தத் தெருவுல பூரா தகரக் கொட்டாய். நானே ஒரு தடவ வந்து பார்த்திருக்கேன், மூக்கைப் பிடிச்சுக்கிட்டுத்தான் போனேன். இன்னைக்கு ஒரு கொட்டாய் காட்டுங்க பார்ப்போம்." திரையைக் காட்டினார். "ஏழைங்களை ஒழிக்க மத்த ஊர்ல எவ்வளவோ பாடுபடறாங்க. நாங்க ஒரு செங்கல்லைக்கூட தொடலை. யாரையும் துரத்தலை. உட்கார்ந்த இடத்துல செஞ்சோம்."

கை தட்டினார்கள். தகரக் கொட்டாய்க்காரர்கள்தான் அதிகம் தட்டினார்கள். தட்டாத கை எது என்று யாராவது பார்த்தால் வம்பு.

அடுத்து முன்மாதிரிக் குடும்பம் என்று சொல்லி, ஐந்து கழிப்பறை வைத்திருக்கிற கொக்கியைக் குடும்பத்தோடு மேடைக்கு அழைத்தார்கள். மருத்துவக் காரணத்தைக் கருணையோடு அங்கீகரித்ததை அதிகாரி மைக்கில் விளக்கி, அந்த நோயாளி மருமகள் இவர்தான் என்று கையைக் காட்டினார். கூட்டம் பரிவோடு பார்த்தது.

அவள் கையைத் தூக்கினாள்.

"சார், எனக்கு இப்பப் போகணும்."

சம்சாரம் அவள் கையைப் பிடித்து இறக்கப் பார்த்தாள். அவள் இறக்கவில்லை.

"எங்க வீட்ல அஞ்சு இருக்குன்னு சொல்றீங்க. எப்படிப் போகணும்னு சொல்லுங்க."

மென்பொருளைப் பயன்படுத்த விரும்பி ஒரு குடிமகள் தானாகவே கேட்டது அதுதான் முதல் தடவை. அதிகாரிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. குமாஸ்தாவைக் கூப்பிட்டு வீட்டைத் திறக்கச் சொன்னார். நீளமான குச்சி ஒன்றை வாங்கித் திரையில் வைத்து வழி காட்டினார்.

"இது வாசல். இப்படி நேரா கூடம். மாடிப்படி ஏறி இடது பக்கம். கதவு தானாத் திறக்கும்மா, கை வைக்க வேண்டாம்."

"அங்கேயா?"

"அங்கேதான்."

அவள் குச்சியின் முனையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். திரைத் துணி காற்றில் ஆடியது. மாமனார் பக்கம் திரும்பினாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் அவர் முகத்தைப் பார்த்து நேராகப் பேசியது அன்றுதான்.

"மாமா, எனக்கு வயித்துல ஒண்ணும் இல்லைன்னு இவங்ககிட்ட சொல்லுங்க."

கொக்கி மைக்கைப் பார்த்தார். மூட்டை என்றால் எங்கே பிடிப்பது என்று தெரியும். இதை எங்கே பிடிப்பது என்று தெரியாமல் இரண்டு கையாலும் பிடித்தார்.

"என் மருமகளுக்கு ஒரு நோயும் இல்லைங்க. நல்லா இருக்கு. எப்பவும் நல்லாத்தான் இருந்துச்சு. நான் பொய் சொன்னேன். எங்க வீட்ல மாடி இல்லை. கக்கூஸ் இல்லை. ஒண்ணுகூட இல்லை. இந்தத் தெருவுல..."

தெருவைப் பார்த்தார். ஒரு தலைகூட நிமிர்ந்து இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

"எங்க வீட்ல இல்லைங்க," என்று முடித்துக்கொண்டார்.

மேடையில் குசுகுசுவென்று பேசிக்கொண்டார்கள். இரண்டு பக்கத் தலைகளும் ஆடின. குமாஸ்தா எதையோ தட்டிப் பார்த்துவிட்டு அதிகாரியின் காதில் சொன்னார். அதிகாரி தொண்டையைச் செருமினார். உண்மையை ஒப்புக்கொண்டதற்காகக் கொக்கியைப் பாராட்டினார். பிறகு முடிவைச் சொன்னார்.

"நோய் இல்லைன்னா மருத்துவக் காரணம் கிடையாது. அதனால அஞ்சாவது ரத்து. மத்த நாலும் அப்படியே இருக்கட்டும்."

"அந்த நாலும் இல்லைங்க."

"இல்லைன்னு வாயால சொன்னா எப்படி? இல்லாததைப் படமா வரைஞ்சு கொடுங்க. பார்க்கறோம்."

கக்கூஸ் இல்லாத வீட்டை அந்த மென்பொருளில் வரைய முடியாது என்பது கடைசி வரிசையில் நின்ற டைப்பு அக்காவுக்குத் தெரியும். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மருமகள் மேடையை விட்டு இறங்கினாள். கூட்டத்தின் நடுவே நடந்தாள். வழி விட்டார்கள். பூட்டோடு நின்ற பணியாளைத் தாண்டி, பெண்கள் பக்கம் நுழைந்து, கதவைச் சாத்தினாள். அது தாழ்ப்பாள் இல்லாத கதவு என்பது தெருவில் எல்லோருக்கும் தெரியும்.

விழா நின்றது. பெரிய அதிகாரி மேடையிலிருந்து இறங்கி வந்து, கழிப்பறை வாசலில், தன் ஆட்களோடு காத்திருந்தார். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் ஆளுக்கொரு திசையில் பார்த்தார்கள். கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள். ஒரு கதவுக்கு எதிரே இத்தனை அதிகாரிகள் இவ்வளவு நேரம் சும்மா நின்றதை அந்தத் தெரு கண்டதில்லை.

முதலில் கொக்கியின் சம்சாரம் போனாள். மருமகள் போன கதவுக்கு முன்னால் நின்று, வெளியிலிருந்து அதைக் கையால் பிடித்துக்கொண்டாள். பிறகு கஷாயம் கொடுத்த பக்கத்து வீட்டம்மா எழுந்தாள். சேலையை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டு, அதிகாரிகளைக் கடந்து, பின்னால் போய் நின்றாள். திரையில் அவள் பெயரிலும் ஒரு மாடி வீடு நின்றுகொண்டிருந்தது. அடுத்து ஜன்னல் வைத்தவள். அடுத்து தகரம் மாற்றியவன் பெண்டாட்டி. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ஆண்கள் பக்கத்திலும் ஆள் சேர்ந்தது. கொக்கி போய் அதில் நின்றார். அவருக்கு முன்னால் நின்ற பக்கத்து வீட்டுக்காரரின் கழுத்து சிவந்திருந்தது.

வீட்டுக்கு நாலு வைத்திருப்பவர்கள் எதற்காக இங்கே நிற்கிறார்கள் என்று அதிகாரி கேட்டார். வரிசையில் இன்னும் இரண்டு பேர் வந்து சேர்ந்தார்கள். சரி, இந்த வரிசை முடிந்ததும் பூட்டு என்றார் பணியாளிடம்.

கதவு திறந்தது. மருமகள் வெளியே வந்தாள். கையைக் கழுவினாள். புடவையில் துடைத்துக்கொண்டு பூட்டையும் அதைப் பிடித்திருந்தவரையும் ஒருமுறை பார்த்தாள். வீட்டுக்குப் போகவில்லை. வரிசை நெடுக நடந்து, அதன் கடைசிக்குப் போய் நின்றாள்.